கொடுத்தவனையும் விடாதேயும்

என் மகள் ஜெபக்கனியின் வலது காலை நொறுக்கியவன் குடித்துவிட்டு வண்டி ஓட்டினான். அவன் அழிய வேண்டும் என்று நான் ஜெபித்தேன். ஏதோ ஒருநாள் கோபத்தில் அல்ல. மாதக்கணக்கில், நேரம் குறித்து, முழங்காலில் நின்று ஜெபித்தேன். அந்த ஜெபத்தை ஆண்டவர் கேட்டார். எப்படிக் கேட்டார் என்பதைச் சபையாருக்குச் சொல்லும் கடமை எனக்கு உண்டு. எழுபத்தொரு வயதில் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் சாமுவேல். ராஜபாளையத்தில் 'மிலிட்டரி சார்' என்றால்தான் தெரியும். ராணுவத்தின் கல்விப் பிரிவில் இருபத்து நான்கு ஆண்டுகள் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். துப்பாக்கியைவிடச் சாக்பீஸைத்தான் அதிகம் பிடித்திருக்கிறேன். சிப்பாய்களுக்குக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுத்தேன். ஊருக்கு வந்தபின் சபைக் கமிட்டியில் பதினாறு ஆண்டுகள் செயலாளர். மது ஒரு சொட்டுகூட என் நாக்கில் பட்டதில்லை. பனி கொட்டும் எல்லைச் சாவடியில் அதிகாரியே ஊற்றி நீட்டியபோதும் தொடவில்லை. இதை நான் பல கூட்டங்களில் எழுந்து நின்று சாட்சியாகச் சொன்னதை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். ஒவ்வொரு முறையும் நீங்கள் ஸ்தோத்திரம் சொன்னீர்கள். எனக்கு அது இனித்தது.

ஜெபக்கனி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். மாப்பிள்ளை ராணுவத்தில் வடக்கே இருப்பதால் எங்களோடு இருக்கிறாள். தினமும் ஸ்கூட்டரில் போய் வருவாள்.

சென்ற ஆண்டு ஆவணியில் நம் சபை அசனம் ஒரு சனிக்கிழமை நடப்பதாக இருந்தது. சபையார் எல்லாரும் ஒரே பந்தியில் தரையில் உட்கார்ந்து சாப்பிடும் அந்த விருந்துக்கு, முந்தின நாள் மாலையே காய்கறி அரிய வேண்டும். வெங்காயம் உரிக்கிற கூட்டத்தில் சேர்ந்துகொள்வதாக மகள் காலையில் சொல்லிவிட்டுப் போனாள். மாலை ஐந்தே கால் மணி. நல்ல வெளிச்சம். ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி ஒரு நூற்பாலை வாசலருகே அவள் தன் ஓரமாகத்தான் வந்துகொண்டிருந்தாள். ராஜபாளையத்திலிருந்து எதிரே வந்த லோடு ஆட்டோ ஒன்று சாலையின் நடுக்கோட்டைத் தாண்டி வந்து அவள் மேல் ஏறியது.

ஓட்டியவன் மாரிச்சாமி. சேத்தூர்க்காரன். நாற்பது வயது இருக்கும். வண்டியை அப்படியே போட்டுவிட்டுத் தோப்புக்குள் ஓடிவிட்டான். என் மகளை ஆலைத் தொழிலாளிகள் தூக்கினார்கள். ஒரு பெண் தன் சேலை முந்தானையைக் கிழித்துக் காலைக் கட்டினாள். அந்தப் பெண்ணின் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது.

மாரிச்சாமி இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒரு வக்கீலோடு வந்து சரணடைந்தான். அவன் ரத்தத்தை எடுக்கும்போது மணி ஒன்பதரை. இந்த நான்கு மணி நேரத்தை நினைவில் வையுங்கள். நான் அதை ஒரு நாளும் மறக்கவில்லை. உடம்பிலிருந்து போதை இறங்கட்டும் என்றுதான் தோப்புக்குள் ஒளிந்தான் என்று நான் முடிவு கட்டினேன்.

மதுரையில் ஒரு மருத்துவமனையில் மகளைச் சேர்த்தோம். முழங்காலுக்குக் கீழே எலும்பு மூன்று இடத்தில் உடைந்திருந்தது. காலுக்கு வெளியே கம்பிகளை நிறுத்தி முடுக்கியிருந்தார்கள். மூன்றாவது மாடியில் ஒரு சிறிய ஜெப அறை இருந்தது. தினமும் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு அங்கே போய் முழங்காலிடுவேன். என் ஜெபம் இதுதான்: "ஆண்டவரே, அவன் ஸ்டியரிங் பிடித்த கை விளங்காமல் போகட்டும். அவன் வீட்டில் அடுப்பு எரியாமல் போகட்டும். அவனை விடாதேயும். அந்தச் சாராயத்தை அவனுக்குக் கொடுத்தவன் எவனோ, கொடுத்தவனையும் விடாதேயும்."

என் மனைவி பாக்கியம் ஒருநாள் கதவருகே நின்று கேட்டுவிட்டாள்.

"ஏங்க, பிள்ளைக்காக ஜெபிக்கப் போனீகளா, அவனுக்காகப் போனீகளா?"

"ஏன்?"

"அவன் பேரைத்தான் அம்புட்டு நேரமும் சொல்லுதீக. எம் மக பேரு செத்த நேரமாவது வருதான்னு பார்த்தேன். வரலையே."

மறுநாளும் பன்னிரண்டு மணிக்கு அங்கே போனேன். ஜெபத்தை மாற்றவில்லை.

முழங்காலிடாத நேரத்தில் சட்டம் படித்தேன். வாழ்நாளெல்லாம் பாடம் நடத்தியவன் அல்லவா. மோட்டார் வாகனச் சட்டம் நூற்று எண்பத்தைந்தாம் பிரிவை மனப்பாடம் செய்தேன். நூறு மில்லி ரத்தத்தில் முப்பது மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் முறை என்றால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஆறு மாதம்! இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் வீட்டுப் பெண்பிள்ளைகள் சாலையில் போவதே இல்லையா என்று கத்தினேன். அவனுக்கு ஆயுள் முழுதும் உள்ளே கிடக்கிற தண்டனை வேண்டும். அதுவும் போதாது. அவன் உள்ளே கிடக்கும்போது நான் வெளியே நின்று அவனைப் பார்க்க வேண்டும். அப்படித்தான் இருந்தது என் மனம்.

அவன் வண்டியில் சீட்டுக்கு அடியில் ஒரு பாட்டில் இருந்ததாகப் போலீஸ் எழுதியிருந்தது. கால் பாகம் குறைந்த பாட்டில். முன்னாள் ராணுவத்தினருக்குக் கேன்டீனில் கொடுக்கிற சரக்கு. அது எப்படி வந்தது என்று கேட்டால் அவன் பொய் சொல்வதாகவும் சொன்னார்கள். இதைக் கேட்டதும் எனக்கு வெறி கூடியது. ராணுவத்தில் இருந்த எவனோ ஒருவன் தன் பங்குச் சரக்கை இவனுக்குத் தாரை வார்த்திருக்கிறான். அழகான கையெழுத்தில் மனு எழுதினேன்: 'இந்த மதுவை எதிரிக்குக் கொடுத்தவர் யார் என்று கண்டறிந்து, அவரையும் வழக்கில் சேர்க்க வேண்டும்.' ஒன்றல்ல, மூன்று மனுக்கள் கொடுத்தேன்.

புரட்டாசியில் ஒருநாள் சப்-இன்ஸ்பெக்டர் கூப்பிட்டு அனுப்பினார். இளைஞர். என்னிடம் மரியாதையாக இருப்பார்.

"சார், நீங்களும் மிலிட்டரிதானே. உங்களுக்குத் தெரிஞ்ச வட்டத்துல யாராச்சும் இருக்கும். பாட்டிலை எவன் குடுத்தான்னு மாரிச்சாமிகிட்ட கேட்டா, ரோட்டுல கெடந்துச்சு எடுத்தேன்னு சாதிக்கான். அடிச்சும் பார்த்தாச்சு, மிரட்டியும் பார்த்தாச்சு. லேபிள்ல பேனாவுல என்னவோ எழுதியிருக்கு, பாருங்க. அசனம்னு போட்டிருக்கு. அது ஏதும் ஆளு பேரா சார்?"

பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த பாட்டிலை மேசைமேல் வைத்தார்.

நீல மையில் 'அசனம் 1' என்று எழுதியிருந்தது.

என் எழுத்து.

இங்கே நான் ஒன்றை விளக்க வேண்டும். விளக்கம் சொல்வது தப்பிக்க அல்ல. நான் குடிப்பதில்லை. ஆனால் கேன்டீனில் எனக்கு உரிய பாட்டில்களை ஒரு மாதமும் விட்டதில்லை. வாங்கி வந்து பீரோவின் அடித்தட்டில் பழைய ராணுவக் கம்பளிக்குள் அடுக்குவேன். விற்றதில்லை. விற்பது குற்றம், நான் குற்றம் செய்யாதவன்! கொடுப்பேன். கரண்ட் கம்பி அறுந்தால் உடனே வருகிற லைன்மேனுக்கு ஒன்று. மழைக்கு முன்னால் ஓடு மாற்றித் தருகிற கொத்தனாருக்கு ஒன்று. எது யாருக்கு என்று குழம்பாமல் இருக்க ஒவ்வொன்றின் லேபிளிலும் பேனாவால் எழுதி வைப்பேன். நம் பக்கத்தில் ராணுவத்திலிருந்து வந்த எந்த வீட்டிலும் இது வழக்கம்தான். 'மிலிட்டரி சார் வீட்டு வேலை' என்றால் ஆட்கள் ஓடி வருவார்கள். அதை என் நற்பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, நம் சபை வளாகத்தில், அசனத்துக்குச் சமைக்க மகாராஜபுரத்திலிருந்து வந்த கோயில்பிச்சையிடம் ஒரு துணிப்பையைக் கொடுத்தேன். உள்ளே 'அசனம் 1', 'அசனம் 2'. இரண்டும் சீல் உடைக்காதவை. "லோடு கொண்டு வருகிறவர்களைக் கவனித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு, பந்தல் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

சப்-இன்ஸ்பெக்டர் என் முகத்தையே பார்த்தார். "தெரியுமா சார்?"

"தெரியாது" என்றேன்.

குடித்தவன் பொய் சொல்லிவிட்டான் என்று இரவும் பகலும் சபித்தவன் நான். குடிக்காத நான், நிதானமாக, நாற்காலியில் நேராக உட்கார்ந்தபடி பொய் சொன்னேன்.

மறுநாள் பஸ் ஏறி மகாராஜபுரம் போனேன். கோயில்பிச்சை யாரோ வீட்டுக் காதுகுத்துக்குப் பாத்திரம் எண்ணிக்கொண்டிருந்தார். அவருக்கு விபத்து தெரியும். மோதியவன் யார் என்று தெரியாது.

"கோயில்பிச்சை, அன்னைக்கு நான் கொடுத்ததில் முதல் பாட்டில் யாருக்குப் போச்சு?"

"தேங்கா வண்டிக்காரனுக்கு சார். செண்பகத்தோப்புப் பக்கத்திலேருந்து ஒருத்தன் வந்தான்லா, சேத்தூர்க்காரன். அம்புட்டு தேங்காயையும் தனியாளா இறக்கிப்போட்டான். மனசு கேக்கல, முழுசா தூக்கிக் குடுத்துட்டேன். மூணரை மணி இருக்கும். வேண்டாம் அண்ணாச்சி, வண்டி ஓட்டணும்னுதான் சொன்னான். ஏலே, மிலிட்டரி சார் குடுத்ததுலே, கோயில் காரியத்துல குடுக்கதை மறுக்கக் கூடாதுன்னேன். பொறவுதான் வாங்குனான்." சிரித்தார். "ஏன் சார், சரக்கு நல்லாருந்துச்சுன்னு போன் பண்ணுனானா?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மோதியவன் அவன்தான் என்று அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் வாய் சும்மா இருக்காது.

இதற்குப் பிறகு நான் மனம் திரும்பினேன் என்று எழுத ஆசைதான். திரும்பவில்லை. பன்னிரண்டு மணிக்கு முழங்காலிட்டேன். அவன் கை விளங்காமல் போகட்டும் என்றேன். அவனை விடாதேயும் என்றேன். 'கொடுத்தவனையும்' என்கிற அடுத்த வரி வந்தபோது நிறுத்திக்கொண்டேன். எழுந்து வந்துவிட்டேன். மறுநாளும் அங்கேயே நிறுத்தினேன். மூன்றாம் நாள், கேள்வித்தாளில் தப்பான கேள்வியை அடிப்பதுபோல, அந்த வரியை அடித்துவிட்டேன். மிச்ச ஜெபத்தைத் தடையில்லாமல் சொன்னேன். முன்னைவிட உரக்கச் சொன்னேன். அவன் மேல் என் கோபம் இரண்டு மடங்காகியிருந்தது. என்னையும் இதில் இழுத்துவிட்டானே என்கிற கோபம்.

கார்த்திகையில் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. இருபத்து நான்கு மில்லிகிராம். முப்பதுக்குக் கீழே. குடிபோதைப் பிரிவு வழக்கிலிருந்து விழுந்தது. கவனக்குறைவாக ஓட்டிக் கொடுங்காயம் உண்டாக்கியது மட்டும் மிஞ்சியது. அதையும் அவன் வக்கீல் மறுத்தார். ஸ்கூட்டர்தான் நடுவில் வந்தது என்றார்.

நான் தாள் எடுத்துக் கணக்குப் போட்டேன். உடம்பு ஒரு மணி நேரத்தில் சுமார் பதினைந்து மில்லிகிராமைக் கழிக்கும் என்று படித்திருந்தேன். நான்கு மணி நேரத்துக்கு அறுபது. அதோடு இருபத்து நான்கு. மோதிய நேரத்தில் எண்பதுக்கு மேல்! தாளை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் அரசு வக்கீலைப் பார்க்க ஓடினேன். அவர் பொறுமையாகப் பார்த்தார்.

"கணக்கு சரிதான் சார். நூத்தி எண்பத்தஞ்சுக்கு இது எடுபடாது, சட்டம் சோதனையில வந்த எண்ணைத்தான் பார்க்கும். ஆனா ஒண்ணு. அன்னைக்கு மத்தியானம் சீல் உடைக்காத பாட்டிலை இவன் கையில குடுத்தாங்கன்னு ஒருத்தர் வந்து கூண்டுல சொன்னா, வண்டி ஓட்டுற நேரத்துலதான் குடிச்சான்னு ஆயிடும். கவனக்குறைவு கெட்டியா நிக்கும். ஆளு தப்ப முடியாது. அந்தக் குடுத்த ஆளைக் கண்டுபிடிச்சுக் கொண்டாங்க."

கோர்ட்டுக்கு வெளியே டீக்கடையில் உட்கார்ந்துவிட்டேன். அவனை அழிக்கிற ஆயுதம் கிடைத்துவிட்டது. அது நான்தான். அவனைக் குத்த வேண்டுமானால் என் வழியாகத்தான் குத்த முடியும். ஆலயத்தில் எழுந்து நின்று சாட்சி சொன்ன வாயால், கோயில் வளாகத்தில் சாராயம் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும். டீ ஆறிப்போனது. சொல்ல மாட்டேன் என்று முடிவு செய்து பஸ் ஏறினேன்.

வீடு திரும்பியிருந்த மகளுக்கு மார்கழியில் காலில் சீழ் பிடித்தது. மறுபடி மதுரை. காய்ச்சல் இறங்கவே இல்லை. கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் இருந்தது. மருந்தை மாற்றியிருக்கிறோம், இரண்டு நாள் பார்ப்போம், கேட்கவில்லை என்றால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். பாக்கியம் வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பன்னிரண்டு மணிக்கு ஜெப அறைக்குப் போனேன். முழங்காலிட்டேன். அன்றுதான் முதன்முறையாக அவன் பெயர் என் வாயில் வரவில்லை. "என் பிள்ளையின் காலை விட்டுவிடும்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். எதிரே வெள்ளைச் சுவர். நான் அடித்த வரி அதில் எழுதியிருப்பதுபோல் இருந்தது. தரிசனம் என்று சொல்ல மாட்டேன். படித்தவன், கண்டபடி பேச மாட்டேன். ஆனால் அது என் எழுத்தில்தான் இருந்தது. நீல மையில்.

எழுந்து மகளிடம் போனேன். கட்டிலருகே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டில், பை, கோயில்பிச்சை, ஸ்டேஷனில் சொன்ன பொய். அவள் கண்ணை மூடிக் கேட்டாள். காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது.

"உங்க எழுத்துதானா, நல்லாப் பார்த்தீகளா?"

"ஆமா."

அவள் கண்ணைத் திறந்தாள். பிறகு சொன்னாள்: "ஸ்டெப்பை மறைச்சிட்டு ஆன்சரை மட்டும் எழுதுற பிள்ளைக்கு நான் மார்க் போடமாட்டேன்ப்பா. நீங்களும் பட்டாளத்துல போட்டிருக்க மாட்டீக."

"இல்ல."

"அப்ப எங்கிட்ட வந்து சொல்லி என்ன ஆகப்போகுது? அங்கே போய்ச் சொல்லுங்க. சொல்லிட்டு வாங்க. பொறவு நாம பேசிக்கிடலாம்."

முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். என் வாழ்க்கையில் நான் வாங்கிய தண்டனைகளில் பெரியது அந்த முதுகு.

அந்த நிமிடமே பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனுக்கு வந்தேன். சப்-இன்ஸ்பெக்டர் நான் சொல்லச் சொல்ல எழுதினார். எழுதி முடித்ததும் பேனாவை மூடி, "மூணு மனு குடுத்தீங்களே சார்" என்றார். கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்தபோது பாக்கியம் போனில் அழைத்தாள். காய்ச்சல் நூறுக்குக் கீழே இறங்கியிருக்கிறது என்றாள். மறுநாள் இன்னும் இறங்கியது. கால் தப்பியது. மாற்றிய மருந்து வேலை செய்தது என்று டாக்டர் சொல்கிறார். அவர் சொல்வது உண்மை. நான் சொல்வதும் உண்மை.

ஆனால் பழி என்னை விட்டுப் போய்விடவில்லை. பங்குனியில் சம்மன் வந்தபோது துணி தேய்த்து, மெடலைக்கூடக் குத்திக்கொண்டு போனேன். நான் மூழ்குவதுதான் மூழ்குகிறேன், அவன் தலையையும் சேர்த்துப் பிடித்து அமுக்குவேன் என்றுதான் கூண்டில் ஏறினேன்.

அரசு வக்கீல் கேட்கக் கேட்கச் சொன்னேன். "நீங்கள் மது அருந்துவீர்களா?" என்று நீதிபதி ஒரு கேள்வி கேட்டார்.

"ஒருபோதும் இல்லை, ஐயா."

"பிறகு ஏன் வாங்கினீர்கள்?"

"கொடுப்பதற்கு."

அரங்கில் யாரோ சிரித்தார்கள்.

மாரிச்சாமியின் வக்கீல் எழுந்தார். மகளுக்காகப் பழிவாங்க நான் கதை கட்டுவதாகச் சொன்னார். அது என் எழுத்துத்தான் என்பதற்கு என்ன சான்று என்று கேட்டார். ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொன்னார். நான் எழுதுவதற்குள் எதிரிக் கூண்டிலிருந்து மாரிச்சாமியின் குரல் வந்தது.

"வக்கீல் சார், விடுங்க. அவுக எழுத்துதான்."

வக்கீல் திரும்பி அவனை அடக்கினார். அவன் அடங்கவில்லை. நீதிபதியைப் பார்த்துக் கும்பிட்டான்.

"ஐயா, அவுக சொல்லுதது நெசம். வழியில வண்டியை நிப்பாட்டிக் குடிச்சேன். அடிச்ச பொறவு பயத்துல ஓடிட்டேன். அடிபட்டது மிலிட்டரி சார் மகள்னு மறுநாத்தான் தெரிஞ்சுது. பிள்ளையையும் அடிச்சுப் போட்டு, பெத்தவுக பேரையும் கோர்ட்டுல இழுக்கணுமான்னுதான் ரோட்டுல கெடந்துச்சுன்னு சொன்னேன். இப்ப அவுகளே வந்து சொல்லியாச்சு. எனக்கு இனி மறைக்க என்ன இருக்கு? குத்தம் செஞ்சேன்யா."

போலீஸ் அடித்துக் கேட்டும் அவன் சொல்லாத பெயர் என் பெயர். அவன் பொய் சொல்கிறான் என்று நான் சபித்த ஒவ்வொரு நண்பகலிலும் அந்தப் பொய்யின் நிழலில்தான் நான் பத்திரமாக இருந்திருக்கிறேன். கையில் இருந்த தாளில் 'அச' என்று மட்டும் எழுதியிருந்தது. மிச்சத்தை எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

மூன்று மாதம் சிறை என்று தீர்ப்பானது. நான் கேட்டது கிடைத்தது. வராந்தாவில் அவன் மனைவி என்னைத் தாண்டிப் போனாள். நின்று, என் மெடலைப் பார்த்து, "இனி நிம்மதியா சார்?" என்றாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. நான் மெடலைக் கழற்றிப் பையில் போட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போதகரிடம் அனுமதி வாங்கி ஆலயத்தில் எழுந்து நின்றேன். சொன்னேன். அன்று யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. செயலாளர் பதவியை விட்டேன். மது எனக்கு வேண்டாம் என்று கேன்டீனில் எழுதிக் கொடுத்தேன். கம்பளிக்குள் மிச்சம் இருந்த நான்கு பாட்டில்களைப் பாக்கியம் கொல்லைச் சாக்கடையில் ஊற்றினாள். ஊற்றும்போது ஒவ்வொரு லேபிளிலும் என்ன எழுதியிருக்கிறது என்று சத்தமாக வாசித்தாள். பக்கத்து வீட்டுக்கும் கேட்டது. வாசிக்கட்டும் என்று நின்றேன்.

ஜெபக்கனி இப்போது கைத்தடி ஊன்றி நடக்கிறாள். பள்ளிக்குப் போகிறாள். என்னோடு பேசுகிறாள். "பாதி மார்க் போட்டிருக்கேன்ப்பா" என்கிறாள். மாரிச்சாமி வெளியே வந்துவிட்டான். வண்டி ஓட்டுவதில்லை, தோப்பில் தேங்காய் உரிக்கிறான் என்று கேள்விப்பட்டேன். சேத்தூர் பஸ்ஸில் ஒருமுறை ஏறினேன். பாதியில் இறங்கித் திரும்பிவிட்டேன். அவனை மன்னித்துவிட்டாயா என்று என்னிடம் கேட்காதீர்கள். மகள் படியேறும்போது முகம் சுளிப்பதைப் பார்த்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. எரிகிற நெருப்பு அவனிடம் மட்டும் போய் நிற்பதில்லை, அவ்வளவுதான்.

சட்டம் முப்பது என்று ஓர் எண்ணை வைத்திருக்கிறது. அன்று மாலை ஐந்தே கால் மணிக்கு என் ரத்தத்தை எடுத்துப் பார்த்திருந்தால் பூஜ்யம்தான் வந்திருக்கும். அந்தப் பூஜ்யத்தை நம்பித்தான் எழுபது வயதுவரை தலை நிமிர்ந்து நடந்தேன்.

என்னைப்போல் கேன்டீன் அட்டை வைத்திருக்கும் சகோதரர்களே, வண்டிச் சாவி வைத்திருப்பவன் கையில் அதைக் கொடுக்காதீர்கள். அன்புக்கு வேறு எத்தனையோ பொருள் இருக்கிறது. அநியாயத்துக்கு ஆளாகி எரிந்துகொண்டிருக்கும் சகோதர சகோதரிகளே, உங்களைச் சாந்தமாக இருக்கச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆண்டவரிடம் போங்கள். பழிதான் வேண்டும் என்றால் பழியையே கேளுங்கள். அவர் செவிடர் அல்ல. என் ஜெபத்தில் நான் அடித்த அந்த ஒரு வரியைத்தான் அவர் முதலில் கேட்டார். கொடுத்தவனை அவர் விடவில்லை. விடாததற்காகவே நான் அவரைத் துதிக்கிறேன்.

நீங்களும் நம்பிக் கேளுங்கள். ஒரு வரியையும் அடிக்காமல் கேளுங்கள்.